பாலிக் புலாவில் ஒரு பெட்ரோல் கஞ்சன்

நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அம்மா என்னிடம் ஒரு பொட்டலம் கருவாட்டையும் மாதா கோயில் எண்ணெய்க் குப்பி ஒன்றையும் கொடுத்தாள். இரண்டும் பினாங்கில் இருக்கும் என் தங்கை அமலிக்கு. கூடவே ஓர் உத்தரவும் கொடுத்தாள். "போய் அவளக் கூட்டிக்கிட்டு வா. தனியா வந்தீன்னா வாசப்படி ஏறாத." பாதித் தலை நரைத்தவன், கும்பகோணத்தில் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர்களை ஆட்டிவைக்கிற உத்தியோகம் பார்க்கிறவன், சரி அம்மா என்று தலையாட்டிவிட்டுப் படகில் இறங்கினேன்.

அந்த உத்தியோகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் பெட்ரோலுக்கு நான்தான் காவல். எந்த வண்டி எவ்வளவு குடிக்கிறது, ஏன் குடிக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சொட்டு சவரிமுத்து. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இது குணமா வியாதியா என்று என் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை.

பினாங்குத் துறைமுகத்தில் கால் வைத்ததும் தரை ஆடியது. கப்பல் நின்றும் என் கால்கள் நிற்கவில்லை. ரிக்‌ஷாக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நாலு பாஷையில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே வெள்ளைச் சேலையில் அமலி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கார். நம்மூர்க் கல்யாண ஊர்வலத்தில் அதில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் தோழன் நடந்துதான் வரவேண்டும். அப்படி ஒரு கார்.

"இளைச்சிட்டீங்க அண்ணே," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனால் முதலில் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏன் புள்ள வண்டிய ஓடவிட்டு வச்சிருக்க? எவ்வளவு நேரமா நிக்கிற?"

"கப்பல் தெரிஞ்சதுலேருந்து," என்றாள். "வாங்க, வந்து ஏறுங்க. வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிடாதீங்க."

டிரைவர் எங்கே என்று தேடினேன். அவளே ஏறி உட்கார்ந்தாள். நான் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். மூன்றாம் வருஷமே காய்ச்சலில் அவர் போய்விட்டார். வந்துவிடு என்று எழுதினோம். அவள் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருத்துவச்சி வேலை படித்தாள். இப்போது தீவின் அந்தப் பக்கம், மலைக்கு அப்பால், பாலிக் புலாவில் பிரசவம் பார்க்கிறாள். இதெல்லாம் எங்களுக்குக் கடுதாசியில் தெரியும். கார் ஓட்டுகிறாள் என்பது மட்டும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அவளே கப்பலேறி வந்திருப்பாள்.

சூலியா தெருவில் வண்டியை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றால் ஓரம் கட்டினாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அஞ்சடி என்று இங்கே சொல்கிறார்கள், கடைகளுக்கு முன்னால் நடப்பதற்கு விட்டிருக்கும் நிழல் பாதை. அங்கே தோளில் காவடி போல இரண்டு கூடை தூக்கிவந்த ஒருவர் ஒரு கூடையில் சோறும் மறு கூடையில் குழம்புச் சட்டிகளும் இறக்கி வைத்திருந்தார். மீன் குழம்பு கேட்டேன். அவர் மீன் குழம்பு, கறிக் குழம்பு, பருப்பு, இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று எல்லாவற்றையும் சோற்றின் தலையில் ஊற்றினார். நம்மூரில் இப்படி ஊற்றினால் சண்டை வரும். நான் வாயைத் திறக்குமுன் ஒரு கவளம் வாய்க்குள் போய்விட்டது. அப்புறம் வாயைச் சாப்பிட மட்டுமே திறந்தேன்.

எதிர்க்கடையில் மோட்டார் சாமான் விற்கிறவர் காதர் நானா. பூர்வீகம் நாகூர். என் ஊர் பெயரைச் சொன்னதும் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "பசியாறியாச்சா?" என்று கேட்டு, ஆயிற்று என்று சொல்லியும் கோப்பி வரவழைத்தார். வெளியே உறுமிக்கொண்டிருந்த காரைக் காட்டி, "தங்கச்சி வண்டி பெட்ரோல் குடிக்கல, குளிக்குது," என்றார். புகைபோக்கியைப் பார்த்தேன். அடுப்படிச் சுவர் கெட்டது, அவ்வளவு கரி.

மலைப் பாதையில் ஏறும்போது அமலி விஷயத்தைச் சொன்னாள். கார் அவளுடையதில்லை. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தர்மக் கமிட்டி கொடுத்தது. மாதம் பிறந்தால் பெட்ரோலும் டின் டின்னாக வந்து இறங்கும். போன இரண்டு மாதமும் மாதம் முடியுமுன் டின் முடிந்துவிட்டது. கமிட்டி செயலாளரான டாக்டர் நல்லவர்தான், ஆனால் சொல்லிவிட்டார்: இந்த மாதமும் கடைசி நாள்வரை வராவிட்டால் வண்டி அக்கரையில் வேலை பார்க்கும் வேறொரு மருத்துவச்சிக்குப் போய்விடும்.

"வண்டி இல்லாட்டி?"

"இந்த மேட்டுல நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்து அதுவே எதிர்ல நடந்து வரும்," என்றாள். சிரிக்கவில்லை. கொஞ்சதூரம் போனபிறகு, "அண்ணே, அம்மா எதுக்கு அனுப்பியிருக்குன்னு எனக்குத் தெரியும். வண்டி போயிடிச்சின்னா இங்க எனக்கு வேலை இல்ல. உங்ககூடவே வந்துடறேன். அம்மா மேல சத்தியம்," என்றாள்.

மாதத்தில் பாதிகூட ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். டின்களில் முக்கால்வாசி காலி. எனக்கு அன்று ராஜ தூக்கம். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், தங்கை தானாக ஊருக்கு வந்துவிடுவாள்.

மறுநாள் காலை பத்து மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அமலி அடுத்த தெருவுக்குக் கிளம்பும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பியைக் குடித்தேன். அவள் திரும்பி வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "சும்மா என்னன்னு பாக்கிறேன்," என்றேன். அவள் ஸ்பானர் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

எங்கள் கம்பெனி வழக்கப்படி முதலில் சோதனை. தொட்டியில் இருந்ததை எல்லாம் வடித்துவிட்டு, ஒரே ஒரு காலன் அளந்து ஊற்றி, நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பது. கார் விற்கிறவனின் புத்தகத்தில் காலனுக்கு நாற்பது மைல் என்று இருந்தது. அவன் சமதரையில், தனி ஆளாக, காற்றடிக்காத நாளில் ஓட்டியிருப்பான். மலையும் மழையும் பிள்ளைத்தாய்ச்சியும் அவன் புத்தகத்தில் இல்லை. நான் முப்பது எதிர்பார்த்தேன். அமலியின் அன்றைய வீடுகளுக்கெல்லாம் போனோம். இருபத்திரண்டாவது மைலில், ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு நடுவே ஒரு கொண்டைஊசி வளைவில், வண்டி விக்கலெடுத்து நின்றது. மிச்சப் பெட்ரோல் டின் வீட்டில் இருந்தது. அதை எடுத்துவர வேண்டும் என்று பஸ் கம்பெனி செக்கிங்கான எனக்குத் தோன்றவில்லை.

டுரியான் என்ற முள்பழம் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மாட்டுவண்டிச் சீனர் எங்களைக் கயிறு கட்டி இழுத்தார். டுரியான் வாசனையைப் பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். பின்னாலேயே மூன்று மைல் போனவனுக்கு வேறு வழியில்லை. இரண்டாவது மைலில் அது பழகியது. மூன்றாவது மைலில் ஒன்று வேண்டும்போல் இருந்தது. வழியில் அவர் மலாயில் ஏதோ சொல்ல, அமலி முகம் சிவந்தாள். என்ன என்று கேட்டேன்.

"அவரு மாடு நிக்கும்போது தின்னுமாம், ஓடும்போது தின்னாதாம். நம்ம மாடு ஓடும்போதும் தின்னுது, நின்னாலும் தின்னுதுன்னு சொல்றாரு."

அன்றே பானெட்டைத் திறந்தேன். கார்பரேட்டருக்குக் காற்றுப் போகும் வழியை அடைக்கும் தகடு ஒன்று உண்டு, சோக் என்பார்கள். வண்டியை எடுக்கும்போது மட்டும் அடைத்து, பிறகு திறந்துவிட வேண்டும். கடற்காற்றில் அதன் கம்பி துருப்பிடித்து, தகடு பாதியில் சிக்கிக் கிடந்தது. காற்றில்லாமல் பெட்ரோலை மட்டும் மொண்டு குடித்தால் கரி கக்காமல் என்ன செய்யும்? துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டேன். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் முழுதும் விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. அதைத் தளர்த்தினேன். டயரை அமுக்கினால் இட்லி மாதிரி அமுங்கியது.

"காத்துகூடவா அடிக்கத் தெரியாது உனக்கு?"

"தெரியும். நான்தான் இறக்கி வச்சேன்," என்றாள் அமலி. "வலி எடுத்தவள ஏத்திக்கிட்டு இந்தக் கல்லு ரோட்டுல போகணும். டயர் கெட்டியா இருந்தா ஒவ்வொரு கல்லும் அவ இடுப்புல இடிக்கும்."

பின்சீட்டில் இருந்த சாமான்களை இறக்கினேன். ஒரு கெட்டில், இரண்டு பானை, கட்டுக் கட்டாகப் பழந்துணி, அரை மூட்டை அரிசி. எடை கூடினால் பெட்ரோலும் கூடும் என்று பிரசங்கம் ஆரம்பித்தேன். "அரிசி யாருக்கு?" என்று கேட்டு முடிக்குமுன்பே பதில் தெரிந்துவிட்டது. போகிற வீட்டில் கஞ்சிக்கும் வழியில்லாமல் இருப்பவர்களுக்கு. கம்பெனியில் பெட்ரோல் வீணானால் அதற்குப் பின்னால் ஒரு திருடனோ சோம்பேறியோ இருப்பான். இந்த வண்டியில் எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள்.

கடைசியில் இருவரும் பேசி முடிவு செய்தோம். தனியாகப் போகும்போது டயரில் முழுக்காற்று. ஆளை ஏற்றும்போது வால்வை அழுத்திக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது, இறக்கிவிட்டபின் பம்ப் அடித்துக்கொள்வது. "பம்ப் அடிக்கறது யாரு?" என்றேன். "இவ்வளவு நாளா உங்க பஸ்சுக்கு யாரு அடிச்சாங்களோ அவங்க இல்ல, நான்தான்," என்றாள். அரிசி ஒரு படி மட்டும் வண்டியில். மேட்டில் ஏறும்போது மிதியை ஒரேயடியாக அமுக்காமல் கீழிருந்தே வேகம் சேர்த்துக்கொண்டு வருவது. இதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ரெண்டாம் நாளே கியரை அவள் மாற்றுவது காதுக்குத் தெரியவில்லை. மறுபடி ஒரு காலன் ஊற்றிப் பார்த்தோம். முப்பத்தொன்று. நான் நடுரோட்டில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து அமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து பத்து வருஷம் இருக்கும்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அடப்பாவி சவரிமுத்து, நீ இங்கே எதற்கு வந்தாய், என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

இருந்தாலும் ஒன்று கணக்கில் வரவில்லை. காலன் அளந்து ஓட்டினால் முப்பத்தொன்று. அவள் தனியாக வேலைக்குப் போய் வந்தாலோ தொட்டி மறுபடியும் வற்றிக்கிடந்தது. எங்கோ ஒழுகுகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். ஒரு சொட்டு இல்லை. நான் உடன் வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். வந்தேன்.

ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் முனியாண்டி என்பவர் வீடு அது. அவர் மனைவி செல்லம்மாவுக்குத் தலைப்பிரசவம். வாசலிலேயே எனக்கு விசித்திரமாக இருந்தது. கதவு, ஜன்னல், தகரப்பெட்டி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் திறந்து கிடந்தன. கொடிக்கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். ஆட்டைக் கட்டவில்லை. முனியாண்டி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். வலி எடுத்தவள் இருக்கும் வீட்டில் முடிச்சும் பூட்டும் இருக்கக் கூடாது என்பது நம்மவர்களிடம் உள்ள வழக்கம்தான். பக்கத்து மலாய்க்காரர்களும் அப்படியே செய்வார்களாம். அமலி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தப் போனேன்.

"ஓடுற வண்டிய நிறுத்தாதீங்கையா," என்று ஓடி வந்தார் முனியாண்டியின் தாயார். "அது நின்னா உள்ளயும் நின்னுடும்."

காலை முழுவதும் வண்டி நின்ற இடத்தில் உறுமியது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மத்தியானம் அமலி வெளியே வந்தாள். பொய் வலி. இன்னும் சில நாளாகும்.

திரும்பும்போது கொட்டித் தீர்த்தேன். "படிச்சவதானே நீ? அந்தம்மா சொல்றதுக்கெல்லாம் ஆடுவியா? ஒழுகல் எங்கன்னு இப்பத் தெரிஞ்சிடிச்சி. டின் டின்னா அந்த வாசல்லதான் ஊத்தியிருக்க."

அமலி வளைவு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. "அவங்க சொல்றாங்கன்னு மட்டும் இல்லண்ணே," என்றாள். "போன மழைக்காலத்துல கடலோரமா ஒரு வீடு. புள்ள நல்லாப் பொறந்திச்சி. அப்பறம் அவளுக்கு ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்து இதுல படுக்க வச்சிட்டு, வண்டிய எடுக்க முன்னால போயி ஹேண்டில சுத்தினேன். சுத்தினேன், சுத்தினேன், எடுக்கவே இல்ல. கடைசில பஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போனோம். மலை ஏறும்போது என் மடியிலயே போயிட்டா." ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதுலேருந்து நான் இத நிறுத்தறதில்ல. எந்த வீட்டு வாசல்லயும்."

எனக்கு வயிறு எரிவது நின்றுபோயிற்று. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படிச் செய்து வழக்கமில்லை. ரோட்டோரம் நின்று பார்த்த இரண்டு மலாய்ப் பிள்ளைகள் சிரித்தால்தான் என்ன என்று அவள் தலையில் கை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. அன்று வண்டி எடுக்காததற்கும் அந்தத் துருப்பிடித்த தகடுதான் காரணம். சூடான இன்ஜினில் அளவுக்கு மேல் பெட்ரோல் போய், பொறி தட்டும் பிளக் நனைந்திருக்கும். எவ்வளவு சுற்றினாலும் எடுக்காது. பெட்ரோலை வீணடித்தது எதுவோ அதுவே அந்தப் பெண்ணையும் வழியில் நிறுத்தியது. எடுக்காது என்ற பயத்தில் இவள் அணைக்காமல் விட, இன்னும் பெட்ரோல் போயிற்று. தகட்டை நான் சரிசெய்தாயிற்று. ஆனால் அதை அவளுடைய கை நம்ப வேண்டுமே.

காலையில் பட்டணத்துக்குப் போய்க் காதர் நானாவிடம் புது பிளக் வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியில் இருந்ததை எல்லாம் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நாலு எடுத்துக் கொடுத்தார். "தங்கச்சிக்கு இது போதும் லா. மறுபடி எடுக்காமப் போச்சின்னா என் கடைய மூடிடறேன்," என்றார், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு.

அதற்குப் பிறகு பாலிக் புலாவ் ஜனங்கள் ஒரு வேடிக்கை பார்த்தார்கள். கடைத்தெருவில், கோயில் வாசலில், மேட்டில், மழையில், நான் "நிறுத்து" என்பேன். அவள் அணைப்பாள். "எடு" என்பேன். இறங்கிப் போய் ஹேண்டிலைச் சுற்றுவாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹேண்டில் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். முதலில் ஒவ்வொரு தடவையும் அணைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு சுற்று, எடுத்துவிடும். அடுத்த நாள் மீன்கடை முன்னால் நான் சொல்லாமலே அணைத்தாள். காய்கறிக்காரி ஒருத்தி மலாயில் சொன்னதை அமலி எனக்குச் சொன்னாள்: "மருத்துவச்சியோட அண்ணனுக்குப் பைத்தியம், பாவம், நல்ல மனுஷன்."

முனியாண்டி விடிந்தும் விடியாமலும் ஓடி வந்தார். இந்தத் தடவை நிஜ வலி. போய் இறங்கியதும் அமலி என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். அப்போதுதான் அந்தத் தோட்டத்தில் அத்தனை பறவைகள் இருப்பது எனக்குக் கேட்டது.

தாயார் தலையில் அடித்துக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன். "அம்மா, வழக்கம் என்ன? எதுவும் மூடியிருக்கக் கூடாது. அவ்வளவுதானே?" பானெட்டின் இரண்டு பக்கத்தையும் தூக்கித் திறந்தேன். கதவுகளைத் திறந்தேன். கூரைத் துணியின் வாரை அவிழ்த்தேன். ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். அந்த அம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அது என்ன மூடி?"

பெட்ரோல் தொட்டி மூடி. வெயில் ஏற ஏற ஆவியாகப் போய்விடும். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே செல்லம்மா கத்தினாள். மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நனைத்த கைக்குட்டையை அந்த வாயின் மேல் லேசாக விரித்துப் பிடித்தபடி நின்றேன். மத்தியானம்வரை நின்றேன். எங்கள் டிரைவர்கள் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்டு முனியாண்டி ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் மூடியைப் போட்டேன். அப்போது அமலி வாசலில் வந்து நின்றாள். கை முழங்கைவரை சிவப்பாக இருந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரி," என்றாள்.

முனியாண்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் செல்லம்மாவைப் பாயோடு தூக்கி வருவதற்குள் நான் நாலு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினேன். அமலி பின்னால் ஏறி அவளை மடியில் போட்டு வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். எடுக்க வேண்டியவன் நான். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஹேண்டிலைப் பிடித்தேன். அமலி என்னைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள்.

ஒரு சுற்று. எடுத்தது.

மலையை எப்படி ஏறினேன், எந்த கியரில் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. மிதியை அமுக்கினேன். அன்று வண்டி எவ்வளவு குடித்தது என்று நான் பார்க்கவில்லை. என் உத்தியோகத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. "பேசிக்கிட்டே இரு செல்லம்மா, புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?" என்று அமலி பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். செல்லம்மா ஏதேதோ பெயர் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பு வந்தது.

பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் டின்கள் பிழைக்கவில்லை. மாதத்தின் கடைசி மூன்று நாளும் எங்கெங்கே நடக்க முடியுமோ அங்கெல்லாம் அமலி நடந்தாள். கடைசி நாள் கமிட்டி டாக்டர் பெரிய காரில் வந்து இறங்கினார். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. காலி டின்களைப் பார்த்தார். தொட்டி மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். அமலி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி வறண்டு வந்தால் அவள் என்னோடு கப்பலேறுவாள், அம்மா வாசலில் நின்று எதிர்கொள்வாள். நாகப்பட்டினத்தில் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். இப்போது எண்ணெய்க் குப்பியின் மாதாவிடம் நேர்மாறாக வேண்டிக்கொண்டேன்.

குச்சியின் நுனி ஒரு விரல் அளவு நனைந்திருந்தது. டாக்டர் அதை மோந்து பார்த்தார்.

"இருக்கு லா," என்றார். "அந்தப் பொண்ண ஆஸ்பத்திரில பாத்தேன். அவ்வளவு தூரம் போயும் இருக்கு. என்ன செஞ்சீங்க, மிஸ்டர்?"

கார்பரேட்டர், பிரேக், பிளக் என்று சொல்ல எனக்கு ஆசைதான். "ஒண்ணும் இல்ல டாக்டர். அவ வண்டிய நிறுத்தினா," என்றேன்.

கப்பலுக்கு அமலிதான் கொண்டுவந்து விட்டாள். துறைமுகத்தில் ஓரம் கட்டியதும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஜாதிக்காய் ஊறுகாய் ஜாடியை என் கையில் கொடுத்தாள். "அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "தெரியல புள்ள. வாசல்ல நின்னுக்கிட்டே ஏதாவது சொல்றேன்," என்றேன். படகு கொஞ்சம் நகர்ந்ததும் அவள் வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து ஹேண்டிலைச் சுற்றினாள். இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. வண்டி குலுங்குவது தெரிந்தது.

நாகப்பட்டினத்தில் வாசல்படி ஏறாமல் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார் ஓட்டுகிறாள் என்பதையும் சொன்னேன். மழைக்காலத்தில் மடியில் போன பெண்ணையும் செல்லம்மாவையும் சொன்னேன். அம்மா ஊறுகாய் ஜாடியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அந்த வண்டி ஒரு சுத்துல எடுக்குதாடா?" என்றாள்.

"எடுக்குதும்மா."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

அம்மா ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டாள். "கால் கழுவிட்டு உள்ள வா," என்றாள்.